சிகிச்சை முடிந்த அம்மாவுக்கு ஸ்மார்ட் வாட்ச்: நடக்கத் தூண்டுமா, மனத்தை நோகடிக்குமா?

வைகைக்கரை மகள் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 59 வயது. மதுரையில் நடுநிலைப் பள்ளி ஆசிரியையாக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். ஒன்றரை ஆண்டுக்கு முன் இடது மார்பில் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அறுவை சிகிச்சை, கீமோதெரபி, கதிர்வீச்சு ஆகிய மூன்றும் முடிந்து இப்போது எட்டு மாதங்கள் ஆகின்றன. அறுவையின்போது இடது அக்குளிலிருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிட்டார்கள். தற்போது, நோய் திரும்பும் வாய்ப்பைக் குறைக்கத் தரப்படும் லெட்ரோசோல் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை தினம் ஒன்று எடுத்துக்கொள்கிறார். கடைசியாகப் போனபோது மருத்துவர், "எல்லாம் சரியாக இருக்கிறது, இனிமேல் நன்றாக நடக்க வேண்டும்" என்று சொல்லி அனுப்பினார். எவ்வளவு நடப்பது, எப்படித் தொடங்குவது என்று கேட்க எங்களுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. வெளியே அத்தனை பேர் காத்திருந்தார்கள்.

நான் பெங்களூரில் வேலை செய்கிறேன். அருகில் இருந்து அம்மாவை நடக்க வைக்க முடியாத குறையைத் தீர்க்கும் என்று நம்பி, அவருடைய பிறந்தநாளுக்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தேன். எல்லோரையும் போல இடது கையில் கட்டிக்கொண்டார். அதில் நாளொன்றுக்கு 10,000 அடிகள் என்ற இலக்கு ஏற்கெனவே பதிந்திருந்தது. நான் அதை மாற்றவில்லை. அம்மா நடப்பது என் செல்பேசியிலும் தெரியும்படி இணைத்துவிட்டு, இரவுதோறும் அழைத்து, "இன்றைக்கு இரண்டாயிரத்துச் சொச்சம்தானே ஆகியிருக்கிறது" என்று கேட்டு வந்தேன். அக்கறையுடன்தான் கேட்டேன். ஆனால் 19ஆம் நாள் அம்மா வாட்சைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டார். காரணம் கேட்டபோது, "ஒரு வருஷமாக ஆஸ்பத்திரியில் தினமும் எதையாவது அளந்துகொண்டே இருந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அளக்க வேண்டுமா?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

இதில் வேறு சில சிக்கல்களும் உண்டு. ஒரு நாள் நடந்துகொண்டிருக்கும்போது நாடித்துடிப்பு 128 என்று வாட்ச் காட்டியதைப் பார்த்துப் பயந்து, பாதி வழியில் திரும்பி வந்துவிட்டார். காலையில் விரல் மூட்டுகளும் முழங்கால்களும் இறுகிப்போய் வலிக்கின்றன. இடது கை சில மாலைகளில் கனமாக இருப்பதாகச் சொல்கிறார். தெருவில் நடந்தால் எதிரில் வருபவர்கள் முடியைப் பற்றியும் உடல் மெலிவைப் பற்றியும் விசாரிக்கிறார்கள். அதற்கு அஞ்சியே பல நாள் வெளியே போவதில்லை. மீனாட்சியம்மன் கோயிலின் ஆடி வீதிகளில் சுற்றி வருவது மட்டும் அவருக்குப் பிடித்திருக்கிறது.

புற்றுநோய்ச் சிகிச்சை முடித்தவர்களுக்கு இத்தகைய கருவிகள் உண்மையிலேயே பயன்படுகின்றனவா? எந்த இலக்கு வைப்பது பாதுகாப்பானது? நான் செய்தது தவறு என்றால், அதையும் தயங்காமல் சொல்லுங்கள்.

இயன்முறைச் சிகிச்சையாளர், சென்னை

வணக்கம் சகோதரி. புற்றுநோய்ச் சிகிச்சை முடித்தவர்களுக்கான உடற்பயிற்சிப் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கு முன் ஒன்றை உடனே செய்யச் சொல்ல வேண்டும். அம்மா மீண்டும் வாட்ச் அணிய விரும்பினால், அது வலது கையில்தான் இருக்க வேண்டும். இடது அக்குளில் கணுக்கள் எடுக்கப்பட்டிருப்பதால் அந்தக் கையிலிருந்து நிணநீர் திரும்பிச் செல்லும் வழிகள் குறைந்துவிட்டன. அந்தக் கையின் மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கும் எதையும், வளையலாக இருந்தாலும் பட்டையாக இருந்தாலும், தவிர்ப்பதே நல்லது. மாலையில் கை கனப்பதாகச் சொல்கிறார் அல்லவா? நிணநீர் வீக்கம் கண்ணுக்குத் தெரியும்முன் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. இரண்டு கைகளின் சுற்றளவையும் ஓர் இயன்முறைச் சிகிச்சையாளரிடம் காட்டி அளந்துகொள்ளுங்கள். தேவைப்பட்டால், வீக்கத்தைக் கட்டுப்படுத்தக் கையில் அணியும் அழுத்த உறை தருவார்கள். இந்த ஒரு காரியத்தை அடுத்த பரிசோதனை நாள் வரை தள்ளிப்போட வேண்டாம்.

இனி 10,000 என்ற எண்ணுக்கு வருகிறேன். அந்த எண் எந்த மருத்துவ ஆய்விலிருந்தும் பிறக்கவில்லை. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு ஆண்டு, 1965இல், ஜப்பானிய நிறுவனம் ஒன்று அடிகளை எண்ணும் சிறு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதற்கு 'பத்தாயிரம் அடி மானி' என்று பொருள்படும் பெயரைச் சூட்டியது. அந்த விற்பனைப் பெயரே காலப்போக்கில் உலகம் முழுவதும் நலத்தின் அளவுகோலாக நிலைத்துவிட்டது. ஐ-மின் லீ தலைமையிலான ஆய்வாளர்கள் சராசரியாக 72 வயதுடைய 16,741 அமெரிக்கப் பெண்களிடம் உணரிகளைக் கொடுத்து அளந்து, 2019இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,700 அடிகள் நடந்தவர்களோடு ஒப்பிட்டால், 4,400 அடிகள் நடந்தவர்களிடமே இறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500ஐ ஒட்டி அந்தப் பயன் சமநிலைக்கு வந்துவிட்டது. அவர்கள் புற்றுநோயாளிகள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர் என்பதை மறந்துவிடக் கூடாது. இருந்தாலும், இரண்டாயிரத்துச் சொச்சம் நடப்பவருக்குப் பத்தாயிரத்தை இலக்காக வைப்பது, அவர் நாள்தோறும் தோற்பதற்கே ஏற்பாடு செய்வதாகும்.

என்னிடம் வருபவர்களுக்கு முதல் வாரம் நான் எந்த இலக்கும் தருவதில்லை. வழக்கம்போல இருங்கள், கருவியை அணிந்தால் போதும் என்பேன். ஏழு நாட்களின் சராசரியை எடுத்து, அதிலிருந்து 300 முதல் 500 அடிகள் மட்டும் கூட்டி, இரண்டு வாரம் அதிலேயே நிற்கச் சொல்வேன். கீமோ முடிந்தவர்களுக்கு நல்ல நாள் ஒன்றும் கெட்ட நாள் இரண்டும் மாறி மாறி வரும். நல்ல நாளில் உற்சாகமாக இரட்டிப்பாக நடந்துவிட்டு, அடுத்த இரண்டு நாட்கள் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிடுவார்கள். இந்த ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்துவதற்கே நான் அடிக்கணக்கை அதிகம் பயன்படுத்துகிறேன். அதிகம் நடக்காதவர்களை நடக்கச் சொல்வதற்கு மட்டுமே கருவி என்று பலர் எண்ணுகிறார்கள். அளவுக்கு மீறி நடப்பவரை உட்கார வைப்பதற்கும் அது எனக்கு உதவுகிறது.

எவ்வளவு பயிற்சி போதும் என்பதற்கு ஓரளவு தெளிவான விடை இருக்கிறது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2018இல் பல நாட்டு வல்லுநர்களைக் கூட்டி ஆராய்ந்து, 2019இல் பரிந்துரைகளை வெளியிட்டது. மிதமான வேகத்தில் 30 நிமிட நடை போன்ற பயிற்சியை வாரம் மூன்று நாட்கள், குறைந்தது 8 முதல் 12 வாரங்கள் செய்தால் சிகிச்சைக்குப் பிந்தைய அயர்ச்சி, மனப்பதற்றம், மனச்சோர்வு ஆகியவை குறைகின்றன என்றும், அதனோடு வாரம் இரண்டு நாட்கள் தசை வலுப்பயிற்சி சேர்வது நல்லது என்றும் அது கூறுகிறது. உடல் அயர்ந்திருக்கும்போது ஓய்வெடுப்பதுதானே முறை என்று அம்மா கேட்கக்கூடும். உழைத்த களைப்பு தூங்கினால் தீரும். சிகிச்சையால் வந்த அயர்ச்சி எவ்வளவு தூங்கினாலும் தீர்வதில்லை, படுத்தே இருந்தால் தசை மெலிந்து இன்னும் கூடுகிறது. சிறிது சிறிதாக அசைவதே அதற்கு இதுவரை கிடைத்துள்ள சிறந்த மருந்துகளில் ஒன்று.

மூட்டு இறுக்கம் பெரும்பாலும் லெட்ரோசோல் வகை மாத்திரைகளின் விளைவாக இருக்கும். இந்த வலி தாங்காமல் மாத்திரையையே நிறுத்திவிடும் பெண்கள் இருக்கிறார்கள்; அதுதான் எனக்குப் பெருங்கவலை. யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதே வகை மாத்திரை எடுத்து மூட்டு வலியுடன் இருந்த 121 பெண்களைக் கொண்டு நடத்திய ஆய்வை 2015இல் வெளியிட்டார்கள். வாரம் 150 நிமிடம் நடையும் இரண்டு நாள் வலுப்பயிற்சியும் ஓராண்டு செய்தவர்களின் கடும்வலி மதிப்பெண் 29 விழுக்காடு குறைந்தது. வழக்கப்படி இருந்தவர்களிடம் குறையவில்லை. அம்மாவிடம் "நடந்தால் நோய் திரும்பாது" என்று உறுதியளிக்க வேண்டாம். யாராலும் அப்படி உறுதியளிக்க முடியாது. "நடந்தால் காலையில் விரலை மடக்குவது எளிதாகலாம்" என்று சொல்லிப் பாருங்கள்.

நாடித்துடிப்பு 128 என்பதைப் பற்றி. கீமோவுக்குப் பிறகு சிறிது நடந்தாலே துடிப்பு விரைவாக ஏறுவது பலரிடம் காணப்படும். இரத்தசோகை இருந்தாலும் ஏறும். ஆனால் மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் டாக்ஸோரூபிசின், டிராஸ்டுசுமாப் போன்ற சில மருந்துகள் இதயத்தைப் பாதிக்கக்கூடியவை. ஆகவே அம்மாவுக்கு எந்த மருந்துகள் ஏற்றப்பட்டன என்பதைச் சிகிச்சைச் சுருக்கத்தில் பார்த்து, எக்கோ என்னும் இதய ஸ்கேன் எப்போது எடுத்தார்கள் என்பதையும் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். அவர் அனுமதித்த பிறகு, எண்ணை விட மூச்சையே நம்பச் சொல்லுங்கள்: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். அதுதான் மிதமான வேகம். நெஞ்சு வலி, தலைசுற்றல், ஓய்விலும் நிற்காத படபடப்பு, புதிதாக ஓரிடத்தில் நிலைத்த எலும்பு வலி, காய்ச்சல் ஆகியவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கருவி பயன்படுகிறதா என்று கேட்டீர்கள். பயன்படுகிறது, ஆனால் தனியாக விடப்பட்டால் அவ்வளவாக இல்லை. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில், உங்கள் அம்மாவைப் போலவே மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்து, மாதவிடாய் நின்று, அதிகம் உடற்பயிற்சி செய்யாதிருந்த 83 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. விக்டோரியா புற்றுநோய் மன்றத்தைச் சேர்ந்த பிரிஜிட் லிஞ்ச் தலைமையிலான குழு 2019இல் வெளியிட்டது. கையில் கட்டும் கார்மின் உணரி ஒன்றைத் தந்தார்கள். வெகுநேரம் உட்கார்ந்திருந்தால் அதில் சிவப்புக் கோடு தோன்றும். பன்னிரண்டு வாரங்களில் அவர்களுடைய மிதமான மற்றும் கடுமையான உடலுழைப்பு, கருவி பெறாதவர்களைவிட வாரத்துக்கு 69 நிமிடம் கூடியது. உட்கார்ந்திருக்கும் நேரம் நாளொன்றுக்கு 37 நிமிடம் குறைந்தது. ஆனால் அந்தப் பெண்களுக்குக் கருவியை மட்டும் தந்து அனுப்பிவிடவில்லை. ஒருவர் நேரில் உட்கார்ந்து அவரவர் நிலையைக் காட்டி, அவரவரே இலக்கை முடிவு செய்ய உதவினார்; பிறகு தொலைபேசியில் அழைத்து, என்ன தடை வந்தது, எப்படிச் சமாளிக்கலாம் என்று பேசினார். நீங்களும் இரவுதோறும் அழைத்தீர்கள். ஆனால் எண்ணைச் சொல்லிக் குறைகேட்டீர்கள். எண்ணை அம்மா சொல்லட்டும், நீங்கள் "இன்று எது இடையூறாக இருந்தது?" என்று மட்டும் கேளுங்கள். உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. தொலைவில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் முதலில் இப்படித்தான் தொடங்குகிறார்கள்.

திருச்சி ஓய்வூதியர்

அம்மா, உங்கள் பதிவைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு 64 வயது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் அதன்பின் ஆறு மாதம் கீமோவும் முடித்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் அம்மா வாட்சைக் கழற்றி வைத்தார். நான் அதற்கு நேர்மாறாக அதற்கு அடிமையானவன். இரண்டிலும் ஆபத்து இருக்கிறது என்பதால் என் கதையைச் சொல்கிறேன்.

எனக்கு ஏற்றிய ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து இரண்டு பாதங்களையும் மரத்துப்போக வைத்துவிட்டது. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது. மகன் வாங்கித் தந்த வாட்சில் 8,000 அடிகள் முடிந்தால் திரையில் வாணவேடிக்கை போல ஒளிரும். ஒரு நாளும் விடாமல் அதைப் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசை. 47 நாட்கள் தொடர்ந்து முடித்திருந்தேன். 48ஆம் நாள் இரவு என் மனைவி காலைப் பார்த்துப் பதறினாள். வலது குதிகாலில் கொப்புளம் உடைந்து, புண்ணாகி, காலுறையோடு ஒட்டியிருந்தது. எனக்குச் சர்க்கரையும் உண்டு. புண் ஆற ஐந்து வாரங்கள் ஆயின. அத்தனை நாளும் நடையே இல்லை. அடிகளை எண்ணிய அந்தக் கருவிக்கு என் பாதம் எந்த நிலையில் இருக்கிறது என்பது தெரியாது. எனக்கும் தெரியாமல் போனதுதான் தவறு.

இப்போது எங்கள் குடியிருப்பின் உள்சாலையில் காலை ஐந்தே முக்காலுக்கு, வெயில் ஏறும்முன் நடக்கிறேன். வீடு திரும்பியதும் கால்களைக் கழுவி, விரல் இடுக்கு வரை மனைவி பார்ப்பாள். தொடர் நாட்களைக் காட்டும் வசதியை அணைத்துவிட்டேன். வாரம் எத்தனை நிமிடம் என்று மட்டும் ஒரு குறிப்பேட்டில் எழுதுகிறேன்.

ஒரு நல்ல செய்தியையும் சொல்லியாக வேண்டும். என்னைப் போன்ற பெருங்குடல் நோயாளிகள் 889 பேரைக் கொண்டு, பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ள 55 மையங்களில் 2009 முதல் நடந்து வந்த சேலஞ்ச் என்ற ஆய்வின் முடிவு 2025 ஜூன் மாதம் வெளியானது. கீமோ முடித்தவர்களில் ஒரு பாதிக்கு உடல்நலக் கையேடு மட்டும் தரப்பட்டது. மறுபாதிக்கு மூன்று ஆண்டுகள் ஒரு பயிற்சி ஆலோசகர் துணை நின்றார். எட்டு ஆண்டுகள் கழித்து உயிருடன் இருந்தோர் பயிற்சிப் பிரிவில் 90.3 விழுக்காடு, கையேடு பெற்ற பிரிவில் 83.2 விழுக்காடு. அவர்களிடம் கேட்கப்பட்ட கூடுதல் உழைப்பு, வாரம் மூன்று நான்கு முறை முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வேகமாக நடப்பதற்குச் சமம், அவ்வளவுதான். இதைப் படித்த அன்று வெகுநேரம் தூக்கம் வரவில்லை. நோய் திரும்பிவிடுமோ என்ற அச்சத்தில் கையைக் கட்டிக்கொண்டு அடுத்த ஸ்கேனுக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று மூன்று ஆண்டுகளாக நினைத்திருந்தேன். அது பெருங்குடல் புற்றுநோய்க்கான ஆய்வு என்பதால் உங்கள் அம்மாவுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அங்கும் ஆட்களைத் தாங்கிப் பிடித்தவர் ஓர் ஆலோசகர் என்பதைக் கவனியுங்கள். அந்தப் பிரிவினருக்குத் தசை, மூட்டுத் தொல்லைகள் சற்று அதிகமாக, 18.5 விழுக்காட்டினருக்கு வந்தன, மற்றவர்களில் 11.5. ஆகவே மெதுவாகத் தொடங்கச் சொல்லுங்கள்.

தெருவில் விசாரிப்பவர்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கும் அது நேர்ந்தது. உடன் ஒருவர் நடந்தால் பாதிப் பேர் கேட்க மாட்டார்கள். அம்மாவுடன் வேலை பார்த்த ஆசிரியை யாராவது அருகில் இருந்தால் பேசிப் பாருங்கள்.

கோவை உயிர்மருத்துவப் பொறியாளர்

கருவியின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அது காட்டும் எண்களுக்கு எவ்வளவு மதிப்புத் தருவது என்பது தெளிவாகும் என்பதால் சில குறிப்புகள்.

வாட்சுக்கு நாம் நடப்பது தெரியாது. கை அசைவது மட்டுமே தெரியும். மூன்று திசைகளில் முடுக்கத்தை அளக்கும் சிறிய சில்லு ஒன்று உள்ளே இருக்கிறது. அந்த அசைவு, நடைக்குரிய சீரான தாளத்தில் வந்தால் அதை அடியாகக் கணக்கிடுகிறது. எனவே காய்கறிப் பையைச் சுமந்து நடந்தாலும், பேரக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தாலும், மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறினாலும் பல அடிகள் விடுபடும். மிக மெதுவாக நடப்பவர்களின் அடிகளும் விடுபடுகின்றன. சிகிச்சை முடித்த புதிதில் பெரும்பாலோர் மெதுவாகத்தான் நடப்பார்கள். அம்மாவின் இரண்டாயிரத்துச் சொச்சத்தில் இப்படிக் காணாமல் போன அடிகள் எத்தனையோ இருந்திருக்கலாம். ஆகவே ஒரே கருவியை ஒரே கையில் அணிந்து, இந்த வாரத்தைச் சென்ற வாரத்தோடு ஒப்பிடுவது மட்டுமே பொருளுடையது. அடுத்த வீட்டுக்காரரின் எண்ணோடு ஒப்பிடுவதில் பயனில்லை.

நாடித்துடிப்பை அது பச்சை ஒளியால் அளக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் தோலுக்கடியில் இரத்தத்தின் அளவு கூடிக் குறைவதற்கேற்பத் திரும்பி வரும் ஒளியும் மாறுகிறது. பட்டை தளர்வாக இருந்தாலோ கை வேகமாக அசைந்தாலோ அந்த அளவு பிசகும். சில நேரம் காலடியின் தாளத்தையே துடிப்பென்று காட்டிவிடும். அம்மா பார்த்த 128 உண்மையான துடிப்பாகவும் இருக்கலாம், அப்படிப்பட்ட பிழையாகவும் இருக்கலாம். நின்று, அரை நிமிடம் மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணி இரண்டால் பெருக்கினால் தெரிந்துவிடும். எரிந்த கலோரி என்று காட்டும் எண்ணை அறவே மறந்துவிடுங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் ஏழு கருவிகளை 60 பேரிடம் சோதித்தபோது, நாடித்துடிப்பில் ஆறு கருவிகள் 5 விழுக்காட்டுக்குள் சரியாக இருந்தன; கலோரியிலோ மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 விழுக்காடு பிசகியது.

தூண்டுதல் பற்றியும் ஒன்று: கருவியைக் கட்டினாலே பலன் கூடிவிடும் என்று எண்ண வேண்டாம். புற்றுநோயோடு தொடர்பில்லாத, எடைக் குறைப்புக்கான ஒரு பெரிய ஆய்வில், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 471 இளையோரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அணியும் கருவி பெற்றவர்கள் சராசரியாக 3.5 கிலோவும், கருவியின்றி வழக்கமான வழிகாட்டலைப் பெற்றவர்கள் 5.9 கிலோவும் குறைந்திருந்தார்கள். 2016இல் இது வெளியானபோது எங்கள் துறையில் பலருக்கு அதிர்ச்சியாக இருந்தது. எனக்கு அது இன்றும் வேலை செய்யும்போது நினைவுக்கு வரும் ஆய்வு.

கடைசியாக, அம்மாவின் தரவு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி. அவருடைய நடையும் தூக்கமும் நாடித்துடிப்பும் உங்கள் செல்பேசிக்கு வருவதை அவர் முழுமையாக அறிந்து ஒப்புக்கொண்டாரா என்று யோசியுங்கள். பகிர்வை அணைப்பது எப்படி என்று அவருக்கே சொல்லிக் கொடுங்கள். எப்போது வேண்டுமானாலும் அணைக்கலாம் என்று தெரிந்த பிறகு, பலர் அதை அணைக்காமலே வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வைகைக்கரை மகள்

உங்கள் மூவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நான்கு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். அதற்குள் நடந்தவற்றைச் சொல்ல வேண்டும்.

மறுநாளே விடுப்பு எடுத்து மதுரைக்குப் போனேன். கைகளை அளந்தபோது இடது முன்கை ஒன்றரை சென்டிமீட்டர் பருத்திருந்தது. தொடக்க நிலைதான் என்று சொல்லி அழுத்த உறையும், தினமும் செய்ய வேண்டிய சில அசைவுகளும் தந்தார்கள். இரவுதோறும் நான் எண்ணைக் கேட்டுக்கொண்டிருந்த நாட்களில் அவருடைய கை வீங்கிக்கொண்டிருந்திருக்கிறது என்பதை நினைத்து இன்னும் வருந்துகிறேன். எக்கோவும் எடுத்தோம், இதயம் நன்றாக இருக்கிறது. ஹீமோகுளோபின் குறைவாக இருந்ததால் மாத்திரை தந்திருக்கிறார்கள்.

அன்றிரவு அம்மாவிடம், நான் கேட்டுவந்த விதம் தவறு என்று ஒப்புக்கொண்டேன். பகிர்வை அணைக்கும் இடத்தையும் காட்டினேன். அவர் அணைத்தார். இரண்டு நாள் கழித்து, "ஞாயிற்றுக்கிழமை மட்டும் நானே சொல்கிறேன், நடுவில் கேட்காதே" என்று சொல்லி, வாட்சை வலது கையில் கட்டிக்கொண்டார். முதல் வாரச் சராசரி 2,640. கோயிலுக்குள் செல்பேசி கொண்டுபோக முடியாததால், செல்பேசியில் கணக்கிடலாம் என்ற முந்தைய யோசனையைக் கைவிட்டோம். அங்கு நடப்பதை அவர் சுற்றுகளாக எண்ணுகிறார். அம்மாவோடு ஒரே பள்ளியில் இருந்த தமிழாசிரியை இப்போது வாரம் நான்கு நாள் உடன் வருகிறார். திருச்சி ஐயா சொன்னது உண்மைதான், விசாரிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். சென்ற ஞாயிறு அம்மா சொன்ன எண் 3,180. காலையில் விரல் இறுக்கம் முன்பு ஒரு மணி நேரம் இருந்தது இப்போது அரை மணியில் தளர்வதாகவும் சொன்னார். அதை எந்தக் கருவியும் அளக்கவில்லை. அவரே கவனித்துச் சொன்னார்.

இனி வலுப்பயிற்சி தொடங்கலாமா என்பதுதான் கேள்வி. பழுதான கையால் எடை தூக்கினால் வீக்கம் கூடும் என்று உறவினர் பலர் பயமுறுத்துகிறார்கள். எலும்பு அடர்த்திச் சோதனையில் முதுகெலும்பில் எலும்புத் தேய்மானம் என்று வந்திருக்கிறது.

இயன்முறைச் சிகிச்சையாளர், சென்னை

கையை உடனே காட்டியது மிக நல்ல காரியம், சகோதரி. நீங்கள் கேட்ட பிறகு நாங்கள் சொன்னோம்; கேட்காமலே இருக்கும் எத்தனையோ குடும்பங்களை நினைத்துப் பார்க்கிறேன்.

எடை தூக்கக் கூடாது என்ற அச்சம் ஒரு காலத்தில் மருத்துவர்களிடமே இருந்தது. கேத்ரின் ஷ்மிட்ஸ் தலைமையில் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2009இல் அதை மாற்றியது. ஏற்கெனவே நிணநீர் வீக்கம் உள்ள 141 பெண்களில் ஒரு பாதியினர், அழுத்த உறை அணிந்து, பயிற்சியாளரின் கண்காணிப்பில் தொடங்கி, வாரம் இரண்டு நாள் படிப்படியாக எடை கூட்டிப் பயிற்சி செய்தார்கள். ஓராண்டில் வீக்கம் மோசமடைந்தது அவர்களில் 14 விழுக்காட்டினருக்கு. எடை தூக்காதவர்களில் 29 விழுக்காட்டினருக்கு. ஆகவே தொடங்கலாம். உறை அணிந்து, அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியில் தொடங்கி, கை கனக்கவில்லை என்று இரண்டு முறை உறுதி செய்த பிறகே அடுத்த படி. முதல் சில வாரங்கள் ஒருவர் நேரில் பார்ப்பது அவசியம். அடிக்கடி வெளியே வர இயலாதவர்களுக்கு, தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 2021 முதல் வீட்டுக்கே வந்து தரப்படும் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

முதுகெலும்பு தேய்ந்திருப்பதால் ஒன்றில் கண்டிப்பாக இருக்க வேண்டும். இடுப்பை மடக்காமல் முதுகை வளைத்துக் குனிவதும், குனிந்தபடியே எடையைத் தூக்குவதும் உடலைத் திருகுவதும் கூடாது. வாசலில் குனிந்து கோலம் போடும் பழக்கம் அம்மாவுக்கு இருந்தால், இப்போதைக்குத் தாழ்வான முக்காலியில் அமர்ந்து சிறிய கோலமாகப் போடச் சொல்லுங்கள். குடத்தைத் தரையிலிருந்து தூக்க வேண்டாம். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்வதை ஒரு வேளைக்கு எட்டு முறை, சுவரில் கை வைத்துத் தள்ளுவதை எட்டு முறை என்று தொடங்கலாம். இவை எதையும் வாட்ச் கணக்கில் சேர்க்காது. வலுப்பயிற்சி செய்த நாட்களில் அடிகள் குறைந்தால் அம்மா சோர்ந்துவிடாதபடி, அந்த இரண்டு நாட்களுக்கும் நாட்காட்டியில் அவர் கையாலேயே ஒரு குறி போடச் சொல்லுங்கள். எலும்பு அடர்த்தி அறிக்கையை அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் காட்டி, கால்சியம், வைட்டமின் டி, எலும்புக்கான ஊசி ஆகியவை தேவையா என்றும் கேட்டு, அவர் சொல்வதை இங்கே எழுதுங்கள். அதற்கேற்ப அடுத்த மாதப் பயிற்சியைச் சொல்கிறேன்.